நடுராத்திரியில் அக்காவுக்கு போன் பண்ணும் முன்

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன். வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பதறி எடுத்தால், "அக்கா, அவதான் செத்துட்டாளே, அப்புறம் எப்படி வந்து நிக்கிறா?" என்கிறாய். 'டார்க்' என்ற ஜெர்மன் காலப்பயணத் தொடரின் இரண்டாம் சீசனில் கடைசி எபிசோடை முடித்திருக்கிறாய் என்று எனக்குப் பிடிபட அரை நிமிஷம் ஆயிற்று. ஜோனஸின் கையில் மார்த்தா உயிரை விடுகிறாள். அழுது முடிப்பதற்குள் நெற்றியில் முடி வெட்டிய இன்னொரு மார்த்தா வந்து நிற்கிறாள். வேறு காலத்திலிருந்து அல்ல, வேறு உலகத்திலிருந்து வந்திருக்கிறாளாம். அதோடு சீசன் முடிந்தது. உன் மேல் கோபமில்லை. ஆனால் மூன்றாம் சீசனைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக இந்த டிப்ஸ். உன்னைப் போலத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் மற்ற தங்கச்சிகளும் படித்துக்கொள்ளட்டும்.

உடனே அடுத்த சீசனைத் தொடாதே. ஆட்டோபிளேயை செட்டிங்கில் போய் அணைத்து வை. நாங்கள் எல்லாம் அந்தக் காட்சியை 2019 ஜூனில் பார்த்துவிட்டு, பதில் தெரிய ஒரு வருஷம் காத்துக் கிடந்தவர்கள். அந்த ஒரு வருஷத்தில்தான் ஆளுக்கொரு கணக்குப் போட்டோம், சண்டை போட்டோம், முதல் எபிசோடிலிருந்து மறுபடி பார்த்தோம். தொடரை உருவாக்கிய பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸேவும் அந்தக் காத்திருப்பையே கதைக்குள் இழுத்துவிட்டார்கள். கதையில் ஜோனஸின் அப்பா மிக்கேல் தூக்கு மாட்டிக்கொள்வது 2019 ஜூன் 21. இரண்டாம் சீசன் வெளியானதும் அதே தேதி. கதையில் உலகம் அழியும் நாள் 2020 ஜூன் 27. மூன்றாம் சீசன் வெளியானதும் அன்றுதான். காலண்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அது தனிச் சிலிர்ப்பு. உனக்கு அது கிடைக்க வழியில்லை. ஒரு வாரமாவது இடைவெளி விடு. வெயிலில் வைக்காமல் டப்பாவில் போட்ட வடகம் மாதிரி, ஒரே மூச்சில் பார்த்த தொடர் மனசுக்குள் சரியாகக் காயாது.

அந்த ஒரு வாரத்தில் செய்ய வேலை இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், ரப்பர். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டி வரும். 1953, 1986, 2019 என்று மூன்று பத்தி போடு. முப்பத்து மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று. ஓரத்தில் இடம் விடு, 1921-உம் 2053-உம் பிற்பாடு வந்து உட்காரும். இடப்பக்கம் நாலு குடும்பம்: காஹ்ன்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடெமன். ஒரே ஆளை மூன்று வயதில் மூன்று நடிகர்கள் நடிப்பதால் பெயரை மட்டும் எழுதினால் குழம்புவாய். உடம்பில் உள்ள அடையாளத்தைப் பக்கத்தில் குறித்துக்கொள். ஹெல்கேவுக்குச் சிதைந்த காது, ஜோனஸுக்குக் கழுத்தில் கயிற்றுத் தழும்பு. முகம் மாறும், தழும்பு மாறாது.

முக்கியமான விஷயம், உறவை நம் முறையில் எழுது. இது நான் தற்செயலாகக் கண்டுபிடித்தது. ஆங்கிலத்தில் வரும் குடும்ப மரப் படங்களில் எல்லாமே அம்பும் கோடும்தான், பார்த்தால் மின்வாரியத்து வயரிங் படம் மாதிரி இருக்கும். தமிழில் எழுதிப் பார். 2019-ல் காணாமல் போகும் பதினோரு வயசு மிக்கல், மார்த்தாவின் தம்பி. அவன் 1986-இல் போய் விழுந்து, அங்கேயே வளர்ந்து, மிக்கேல் ஆகி, ஹன்னாவைக் கட்டிக்கொண்டு ஜோனஸைப் பெறுகிறான். ஆக ஜோனஸுக்கு மார்த்தா யார்? அப்பாவின் அக்கா. அத்தை! நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்த அம்மா, "அத்தை பொண்ணுன்னா சரி, கட்டிக்கற முறைதான். அத்தையையேவா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். ஒரு எபிசோடுகூடப் பார்க்காத அம்மாவுக்குக் கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று ஒரே வரியில் தெரிந்துவிட்டது. அதே கணக்கில் மிக்கலின் அப்பா உல்ரிக் ஜோனஸுக்குத் தாத்தா. அப்படியானால் உல்ரிக்கோடு ரகசியமாகப் பழகும் ஹன்னாவுக்கு அவன் மாமனார். இதை எழுதும்போதே என் பென்சில் முனை உடைந்துவிட்டது. ஷார்லட், எலிசபெத் விஷயத்துக்கு நம் மொழியிலும் முறை கிடையாது. அம்மாவின் வயிற்றில் பிறந்த மகளே அந்த அம்மாவைப் பெற்றவள். அந்தக் கட்டத்தில் நான் ஒரு வட்டம் போட்டுவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

ஆடியோவை ஜெர்மனுக்கு மாற்றி வை, சப்டைட்டிலோடு பார். டப்பிங் குரலில், கதை நடக்கும் வின்டன் ஊர்க்காரர்கள் எல்லாரும் விளம்பரத்தில் பேசுகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

'முடிவு விளக்கம்' என்று வரும் வீடியோக்களை இந்த ஒரு வாரத்துக்குத் திறக்காதே. எதையாவது சரிபார்க்க வேண்டுமானால், இந்தத் தொடருக்கென்றே நெட்ஃபிளிக்ஸ் ஒரு தளம் போட்டது. எந்த எபிசோடு வரை பார்த்திருக்கிறாய் என்று முதலில் கேட்கும், அதற்கு மேல் காட்டாது. இந்த நாகரிகம் உன் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்குத் தெரியாது. அதை மியூட் பண்ணு.

கடைசி எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகாதே. 'லோகி' முதல் சீசன் 2021 ஜூலையில் முடிந்தபோது, இரண்டாம் சீசன் உண்டு என்ற சேதியே பெயர்கள் ஓடியதற்கு இடையில், ஒரு கோப்பின் மேல் குத்திய முத்திரையாகத்தான் வந்தது. பொறுமையில்லாதவர்கள் அதைத் தவறவிட்டார்கள். ஆனால் பெயரோடு வருவதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. 2010 மே 23-ஆம் தேதி 'லாஸ்ட்' முடிந்த ராத்திரி, ஏபிசி சேனல் பெயர்களுக்குப் பின்னால் கடற்கரையில் கிடக்கும் விமான உடைசலைக் காட்டியது. ஆள் நடமாட்டமே இல்லை. பார்த்தவர்களில் ஏகப்பட்ட பேர், "அப்போ எல்லாரும் முதல் நாளே செத்துட்டாங்க, ஆறு சீசனும் பொய்" என்று கொதித்துப் போனார்கள். அது கதையோடு சேர்ந்ததில்லை, சும்மா போட்டது என்று சேனல் சொல்லிப் பார்த்தது. விமானம் விழுந்த தீவில் நடந்ததெல்லாம் நிஜம்தான் என்று கடைசி எபிசோடிலேயே நாயகன் ஜாக்கின் அப்பா வாய்விட்டுச் சொல்கிறார். யார் கேட்டார்கள்? இன்றைக்கும் 'லாஸ்ட்' என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் அந்தப் பழைய பல்லவியைப் பாடுவார்.

அதனால்தான் அந்த ராத்திரியே தீர்ப்பு எழுதாதே என்கிறேன். கோபமோ அழுகையோ வந்தால் வரட்டும், 'குப்பை' என்று ஸ்டேட்டஸ் மட்டும் போடாதே. பிரிட்டனில் 'லைஃப் ஆன் மார்ஸ்' 2007-இல் முடிந்தது. 1973-க்குள் போய் மாட்டிக்கொண்ட போலீஸ்காரன் சாம் டைலர், ஒருவழியாக இந்தக் காலத்துக்குத் திரும்பி, இங்கே ஒன்றுமே ஒட்டாமல், மாடியிலிருந்து குதித்து மறுபடி அங்கேயே போய்விடுகிறான். செத்தானா, போனானா என்று சண்டை. அந்த 1973 உண்மையில் என்ன இடம் என்ற பதில், 'ஆஷஸ் டு ஆஷஸ்' என்ற இன்னொரு தொடரின் கடைசி எபிசோடில், 2010-இல்தான் வந்தது. மூன்று வருஷம்! முதல் ராத்திரியே தீர்ப்பு எழுதியவர்கள் அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

சில காயம் ஆறாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'குவாண்டம் லீப்' 1993 மே மாதம் முடிந்தது. ஐந்து சீசனாக அடுத்தவர் உடம்புகளுக்குள் தாவித் தாவி, இந்தத் தடவையாவது வீடு போய்ச் சேர மாட்டானா என்று நம்மை ஏங்கவைத்தவன் சாம் பெக்கெட். கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வாசகம், அவன் வீடு திரும்பவே இல்லை என்று. அதிலும் அவன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்தும் ரசிகர்கள் அந்த ஒரு எழுத்தைச் சொல்லிக்காட்டுகிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பெயரையாவது சரியாக எழுதி அனுப்பியிருக்கலாம்.

முடிவு பிடிக்காமல் போவது ஒரு கஷ்டம், முடிவே இல்லாமல் போவது இன்னொன்று. உன் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டால் என்ன செய்ய? 'டைம்லெஸ்' ரசிகர்களைப் பார். 2017 மே மாதம் என்பிசி சேனல் அதை ஒரே சீசனோடு நிறுத்தியது. ரசிகர்கள் போட்ட சத்தத்தில் மூன்றே நாளில் முடிவை மாற்றிக்கொண்டது. இரண்டாம் சீசனின் கடைசியில் காலப்பயணக் குழுவில் ஒருவனான ரூஃபஸ் செத்துப்போகிறான்; அவனைக் காப்பாற்றலாம் என்று அவன் கூட்டாளிகள் லூசியும் வயட்டும் வருங்காலத்திலிருந்து புது கால வண்டியில் வந்து இறங்குகிறார்கள். அதோடு மறுபடி ரத்து. இந்தத் தடவை ரசிகர்கள் காசு திரட்டி, சான் டியாகோ காமிக் கான் கூட்டத்துக்கு மேலே ஹெலிகாப்டரில் பேனர் கட்டிப் பறக்கவிட்டார்கள். மூன்றாம் சீசன் கிடைக்கவில்லை. ஆனால் 2018 டிசம்பர் 20 அன்று இரண்டு மணி நேர முடிவு ஒன்று கிடைத்தது. கவனி: அவர்கள் முட்டி மோதியது முடிவெடுக்கும் இடத்தில். நடிகரின் பக்கத்தில் போய்த் திட்டி எழுதுவது வேறு. செத்துப்போன பாத்திரத்துக்காக உயிரோடிருக்கும் மனுஷனைப் பேசாதே.

சாப்பிட்டுவிட்டுப் பார். மூன்றாம் சீசன் கடைசி எபிசோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்காதே. மறுநாள் லீவாக இருக்கட்டும். பார்த்து முடித்ததும் முதல் சீசன் முதல் எபிசோடின் பத்து நிமிஷத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார். எதற்கு என்று அப்போது தெரியும். காலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடு, நோட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

நீ கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் இப்போதே பதில் சொல்கிறேன், இது ஸ்பாய்லர் கணக்கில் வராது. கண்ணில் கட்டோடு திரிகிறாரே போலீஸ்காரர் வோல்லர், அவர் கண்ணுக்கு என்ன ஆச்சு என்றாய். கடைசி எபிசோடில் ஒருத்தர் அதைக் கேட்பார், அவரும் சொல்ல வாயெடுப்பார். கரண்ட் போய்விடும்.