சிறு பிள்ளைகளுக்கு நிறையும் அளவும்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் குடியானவர் விலையைக் குறித்து நெடுநேரம் பேரம் பேசுவார். தராசுக் கோலையோ ஒருமுறைகூட நன்றாய் நோக்கமாட்டார். இந்த நோக்கம் நான்கு ஐந்து வயதிலேயே விளையாட்டாய் வரத்தக்கது. இதற்குப் பணச்செலவும் இல்லை.

சம அளவான இரண்டு கொட்டாங்கச்சிகள், ஒரு முழ நீளமுள்ள நேரான மூங்கிற்குச்சி, சிறிது கயிறு ஆகியவை போதும். குச்சியின் இரு முனைகளிலும் கொட்டாங்கச்சிகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு கயிறு கட்டிப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். ஒரு கூழாங்கல்லுக்கு எத்தனை புளியங்கொட்டை ஈடாகும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு இட்டுப் பார்க்கச் செய்யலாம். இரு கை நிறைந்த பஞ்சு அச்சிறு கல்லுக்குத் தோற்பதைக் கண்டு பிள்ளை வியக்கும். தட்டார் முற்காலத்தில் நிறுத்த குன்றிமணியை மட்டும் கொடுக்கலாகாது. அதை மென்று விழுங்கினால் கொடிய விஷம். எந்தக் கொட்டையானாலும் பெரியவர் ஒருவர் அருகிலிருப்பது அவசியம்.

இனி, நடுக்கயிற்றைச் சற்று ஒருபுறம் நகர்த்துக. கோலின் நீண்ட பக்கம் தாழும். உயர்ந்த கொட்டாங்கச்சியின் அடியில் களிமண் அப்பினால் கோல் மறுபடி நேராகிவிடும். வெறுந்தராசு இப்பொழுது யோக்கியமானதாகவே தோன்றும். ஆனால் இருபுறமும் பத்துப் பத்துப் புளியங்கொட்டை இட்டவுடன் நீண்ட பக்கம் தாழ்ந்துபோகும். இதைப் பிள்ளையோடு தகப்பனாரும் பார்ப்பது நன்று. ஒரு தராசில் ஒரு கை 10 அங்குலமும் மற்றது 11 அங்குலமுமாயின், நீண்ட பக்கத்தில் 10 கிலோ எடைக்கல் வைத்துக் கொள்முதல் செய்பவருக்கு 11 கிலோ சரக்குப் போய்ச் சேரும். எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இருந்தும் பயனில்லை. சரக்கையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்தால் சூது அக்கணமே வெளிப்படும். மின்தராசாயின், சரக்கு வைக்குமுன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளைக்கே தரலாம்.

முகத்தலளவை வேறு வகையானது. அகன்ற கிண்ணத்து நீரை ஒடுங்கிய உயரமான பாத்திரத்தில் ஊற்றினால், நீர் மிகுந்துவிட்டதென்று சிறு பிள்ளை சாதிக்கும். ஸ்விட்சர்லாந்து தேசத்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இதை ஆராய்ந்து, ஏறக்குறைய ஏழு வயதில் இம்மயக்கம் நீங்குகிறதென்று கண்டார். ஆகவே அதட்டித் திருத்துவதில் பலனில்லை. நீரைத் திரும்பக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினால் போதும்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் லிட்டர் வந்துவிட்டது. எனினும் 8 ஆழாக்குக் கொண்ட பழைய படி பல வீடுகளில் கிடக்கிறது. அதில் நெல்லை நிரப்பித் தட்டிக் குலுக்கினால், நெல் அடங்கி இன்னும் சிறிது கொள்ளும். கடன் நெல்லைத் தலைதட்டி அளந்து கொடுத்துக் குவித்து அளந்து வாங்கினால் வித்தியாசம் எவ்வளவு? குவியலைக் கையால் வழித்து, விழுந்த நெல்லை ஆழாக்கில் அளந்து பிள்ளையே சொல்லிவிடும்.