குளிர் மாதங்களிற் கோழி பேணல்: ஊவாத் தோட்டத்து இல்லத்தார்க்கு

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் லயத்தின் பின்புறத்திலோ காய்கறிப் பாத்தியின் ஓரத்திலோ நாலைந்து கோழிகளை வளர்ப்போர் பலர். அவை இடும் முட்டை பிள்ளைகளுக்கு உணவாகும். மிஞ்சியது கைச்செலவுக்குக் காசாகும். கார்த்திகையில் மழை பிடித்ததும் இச்சிறு செல்வம் கரையத் தொடங்குகின்றது. முட்டை குறையும். குஞ்சுகள் ஒவ்வொன்றாய் மடியும். ஒரு நாட் காலையில் நல்ல பெட்டைக்கோழியொன்றும் விறைத்துக் கிடக்கும். “குளிர் கொண்டு போயிற்று” என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுவோர் உளர். ஆயினும் நன்கு வளர்ந்த கோழியை நம் நாட்டுக் குளிர் தனித்து நின்று கொல்வது அரிது. ஈரமும் காற்றும் அதற்குத் துணையாகும்போதே கொல்லும். இவ்விரண்டையும் தடுப்பது உங்கள் கையில் உள்ளது.

முதலில் உங்கள் இடத்தின் உயரத்தை அறிந்துகொள்ளுங்கள். பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கும், ஓகியா 1,700 மீற்றருக்கும் மேற்பட்டவை. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். ஆதலால் பதுளை நகரை அடுத்துள்ளோர்க்கு மழைக்காப்பே பெரும்பாலும் போதும்; அப்புத்தளைக்கு மேலுள்ளோர் இரவுக் குளிரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குளிரும் இருவகைப்படும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழையுடன் வருவது ஈரக்குளிர். மழை ஓய்ந்து வானம் வெளுத்தபின், தையின் பிற்பகுதியிலும் மாசியிலும் விடியற்காலையில் வருவது வறண்ட குளிர். மக்கள் பின்னதற்கே பெரிதும் அஞ்சுகின்றனர். கோழிக்கு முன்னதே பொல்லாதது.

இதன் காரணத்தை விளக்குவோம். கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 பாகை. மனிதரின் வெப்பத்திலும் மிகுந்தது. குளிரும்போது அது இறகுகளைச் சிலிர்த்து, அவற்றினிடையே காற்றைத் தேக்கிக்கொள்ளும். அக்காற்றே அதற்குக் கம்பளி. இறகு நனைந்தால் உடலோடு ஒட்டிவிடும். தேங்கிய காற்று வெளியேறிவிடும். அந்நிலையிற் காற்றும் வீசினால் உடல்வெப்பம் விரைந்து கழியும். 2022ஆம் ஆண்டு மார்கழியில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்தபோது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டன. அவை உறைபனி கண்டறியாத சமவெளி மாவட்டங்கள். மறைவிடமின்றி வெளியில் நின்று மழையிலும் கடுங்காற்றிலும் நனைந்த கால்நடைகளே அங்கு பெரிதும் அழிந்தன. பேருருவங்கொண்ட மாட்டுக்கே அவ்வாறெனில், ஒன்றரைக் கிலோக் கோழியைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே கொய்யா மரத்திலும் பலா மரத்திலும் கோழிகளை உறங்கவிடும் வழக்கத்தை ஐப்பசி முடிவதற்குள் நிறுத்திவிடுங்கள். மாலையிற் கூட்டினுள்ளே ஒரு கைப்பிடி தானியம் போட்டு அழைத்தால், ஏழெட்டு நாளிற் கோழி தானே கூட்டைத் தேடி வரும். மொட்டைக்கழுத்துக் கோழிகளுக்கு உடல் முழுவதிலுமே இறகு குறைவு. அவற்றை முதலிற் பழக்குதல் நன்று.

கூடு அமைப்பதிற் பலர் செய்யும் தவறொன்று உண்டு. குளிர் வந்தவுடன் உரச்சாக்கும் பொலித்தீனும் கொண்டு நாற்புறமும் இடைவெளியின்றி மூடிவிடுகின்றனர். இது அன்பினாற் செய்யும் தீங்கு. ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் லீற்றர் தண்ணீர் குடிக்கும். அதிற் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் வெளிவரும். அடைத்த கூட்டில் அவ்வீரம் தகரத்திற் பட்டுத் துளிர்த்து, கோழிகளின் முதுகின்மேலேயே சொட்டும். நனைந்த எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பிக் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். விடியற்காலையிற் கூட்டைத் திறந்து, கோழியின் தலைமட்டத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். மூக்கிற் காரம் ஏறினால், இரவு முழுவதும் கோழி அதையே சுவாசித்தது என்று அறிக.

கோழி அமரும் உயரத்துக்குக் காற்று நேரே அடித்தலாகாது. அதன் தலைக்கு மேலே காற்று வந்து போதல் வேண்டும். கீழிருந்து மூன்றடி உயரம்வரை பலகையோ தகரமோ அடித்து மூடுங்கள். கூரையை ஒட்டி அரையடி இடைவெளி விட்டு, மரநாயும் கீரியும் நுழையாதபடி கம்பிவலை பொருத்துங்கள். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அப்புறத்தை முழுவதும் மூடி, வாயிலைத் தெற்கோ தென்கிழக்கோ நோக்க வைத்தால் மார்கழி, தை மாதத்து இளவெயிலும் உள்ளே விழும். ஆனால் மலைப்பள்ளத்திற் காற்று திசைமாறி வருவதுண்டு. உங்கள் வீட்டுப் புகை எப்பக்கம் சாய்கின்றது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்; அது எந்நூலினும் நம்பத்தக்கது. மண் வெட்டிய கரையின் அடியிற் கூடு வைக்கவேண்டாம். கரையில் ஊறும் நீர் தரையை உலரவிடாது. பெருமழையிற் கரையே சரிந்துவிடவுங் கூடும்.

தரையில் மூன்று நான்கு அங்குலம் மரத்தூளோ உமியோ காய்ந்த மாணாப்புல்லோ பரப்பி, இரண்டு நாளுக்கொருமுறை கிளறிவிடுங்கள். கையிற் பிடித்து நசுக்கினால் உதிரவேண்டும். கட்டியானால் அவ்விடத்தை அள்ளிவிட்டுப் புதியது போடவேண்டும். அள்ளிய கூளத்தை மக்கவிட்டுக் காய்கறிப் பாத்திக்கு இடலாம். கோழி அமரும் தடி இரண்டங்குல அகலமுள்ள மரமாயிருந்தால், அது விரல்களை நெஞ்சிறகால் மூடி அமரும். இரும்புக்குழாய் ஆகாது.

குளிருக்கு உள்ளே தணல்சட்டி வைப்பதைக் கட்டாயமாக விலக்குங்கள். அடைத்த இடத்தில் எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நஞ்சுவாயு வெளிவரும். கோழியை வீட்டினுள்ளே வைத்துத் தணலும் வைத்துக் கதவடைத்து உறங்குவது மனிதருக்கே உயிராபத்து. வளர்ந்த கோழிக்கு நம் மலைகளில் நெருப்பே வேண்டுவதில்லை. மேல்நாட்டு நூல்கள் கூறும் வெப்பவிளக்கும், கொண்டையிற் பூசும் களிம்பும், பனி மாதக்கணக்கில் உறையும் நாடுகளுக்குரியவை.

நெருப்புக்குப் பதிலாக இரையைக் கூட்டுங்கள். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் இரை தின்னும். குளிரில் இதனினும் மிகுதியாக வேண்டும். மாலை நாலரை, ஐந்து மணியளவிற் சோளமோ நெல்லோ குரக்கனோ ஒரு பிடி கூடுதலாகக் கொடுத்தால், இரைப்பையில் அத்தானியம் மெல்லச் செரித்து இரவெல்லாம் வெப்பந்தரும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். தவிட்டைக் குழைத்துக் கொடுப்போர் கோழி தின்னுமளவே குழைத்தல் வேண்டும். மிஞ்சியது புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

குஞ்சுகளின் நிலை வேறு. அவற்றின் மென்தூவியில் வெப்பம் நில்லாது. முதற்கிழமையில் 35 பாகை வெப்பம் வேண்டும். பின்னர் கிழமைக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டு வரலாம். பண்டாரவளைக்கு மேலுள்ளோர் ஐந்தாறு கிழமை காத்தல் வேண்டும். அடைகாக்கும் கோழிக்கு இக்காலத்தில் எட்டு முட்டைக்கு மேல் வைக்காதிருந்தால், குஞ்சுகள் யாவும் அதன் சிறகினுள் அடங்கும். அடை 21 நாளாதலின், தை நடுவில் வைத்தால் மழை ஓய்ந்த நாட்களிற் குஞ்சு பொரிக்கும். இதுவே சிறந்த வழி.

தாயில்லாக் குஞ்சுகளைப் பெட்டியில் வைத்து 60 வாற்று இழைமின்குமிழ் ஒன்றை மேலே, பெட்டியிலும் கூளத்திலும் படாதபடி, உறுதியாகத் தொங்கவிடுங்கள். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ் ஒளி தருமேயன்றி வேண்டிய வெப்பம் தராது. குஞ்சுகள் விளக்கின்கீழ் ஒன்றன்மேலொன்று நெருங்கிக் கத்தினால் வெப்பம் போதாது. ஓரங்களுக்கு ஒதுங்கி வாய்பிளந்தால் மிகுதி. ஒரே மூலையில் ஒடுங்கினால் எதிர்ப்புறத்திற் காற்று நுழைகின்றது. மின்சாரம் நின்ற இரவில், போத்தலில் வெந்நீர் நிரப்பித் துணியிற் சுற்றிப் பெட்டியின் நடுவே வைத்து, ஆறியதும் மாற்றலாம்.

நனைந்த கூளத்திற் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் எளிதிற் பரவும். எச்சத்தில் இரத்தங் கண்ட அன்றே கூளத்தை மாற்றி, மிருக வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். இராணிக்கெட் நோய் மலையூர் ஒன்றின் பெயரைத் தாங்கியிருப்பதால், அது குளிரினால் வருவதென்று எண்ணவேண்டாம். அது நுண்கிருமியால் வருவது. வெப்பநாடாகிய யாவாவில் 1926ஆம் ஆண்டிலேயே காணப்பட்டது. அதற்குத் தடுப்பூசியே காப்பு. மழைக்கு முன்னரே கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டுப் போடுவியுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு கோழி மழையில் அகப்பட்டு விறைத்துவிடின், உடனே உலர்ந்த துணியால் ஒற்றித் துடைத்து, சாக்கு விரித்த கூடையில் இட்டு, அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். தலை நிமிர்ந்து தானே நிற்கும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நீர் மூச்சுக்குழலிற் புகுந்துவிடும். எழுந்தபின் வெதுவெதுப்பான தண்ணீரும் சிறிது சோறும் கொடுத்து, இறகு அடிவரை உலர்ந்ததைக் கையால் தடவிப் பார்த்த பின்னரே மற்றக் கோழிகளோடு விடுங்கள்.