ஊசிக்கு முன் படம்: புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிவதில் எம்.ஆர்.ஐ.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயின் தொடக்கத்தைச் சூழ்ந்து அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. வயது ஏற ஏற இது பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குவது உண்டு. இரவில் பலமுறை எழ நேர்வதும், சிறுநீர் தடைபட்டு வருவதும் பெரும்பாலும் இந்த வீக்கத்தின் விளைவுகளே. அது புற்றுநோய் அன்று. புற்றுநோயோ பல நேரங்களில் சுரப்பியின் வெளிப்புறப் பகுதியில், சிறுநீர்க்குழாயிலிருந்து விலகிய இடத்தில் தோன்றுகிறது. ஆகவே தொல்லை எதுவும் தராமலே அது வளர்ந்துவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 38,000 ஆண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டதாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. 1982 முதல் விவரம் திரட்டி வரும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் அறிக்கைகளில், தில்லி, கொல்கத்தா, புணே, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இது இடம்பெற்றுள்ளது. நம் நாட்டு நோயாளிகளுள் கணிசமானோர், நோய் எலும்புகளுக்குப் பரவி இடுப்பு வலியும் முதுகு வலியும் தொடங்கிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர் என்பது கவலைக்குரியது.

குருட்டு ஊசியின் குறைகள்

இந்நோயைக் கண்டறிய நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் முறை மூன்று படிகளைக் கொண்டது. மருத்துவர் மலக்குடல் வழியே விரலால் சுரப்பியைத் தடவிப் பார்ப்பது முதலாவது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தை அளப்பது இரண்டாவது. ஐயம் எழுந்தால் ஊசி செலுத்தித் திசுத் துணுக்குகளை எடுத்து ஆராய்வது மூன்றாவது.

பி.எஸ்.ஏ. அளவு மில்லி லிட்டருக்கு 4 நானோ கிராமைத் தாண்டினால் ஐயம் கொள்வது வழக்கம். ஆனால் சாதாரண வீக்கத்திலும், சிறுநீர்ப் பாதைத் தொற்றிலும்கூட இது உயரும். 4 முதல் 10 வரையுள்ள அளவுகளைக் கொண்டவர்களில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவிலேயே புற்றுநோய் காணப்படுகிறது. திசு எடுக்கும் முறையிலும் இடர் உண்டு. அல்ட்ரா சவுண்ட் கருவி சுரப்பியின் வடிவைக் காட்டுமேயன்றி, அதனுள் இருக்கும் கட்டியைப் பெரும்பாலும் தெளிவாகக் காட்டாது. எனவே பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி செலுத்திப் பார்க்கின்றனர். இருட்டறையில் கைவிட்டுத் துழாவுவது போன்றதே இது. கொடிய கட்டி ஊசிக்குத் தப்பிவிடலாம். ஆயுள் முழுவதும் தீங்கு செய்யாமலே கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டி ஊசியில் அகப்பட்டு, அதற்காக அறுவையும் நடந்து, சிறுநீர் கட்டுப்படாத நிலையும் ஆண்மைக் குறைவும் எஞ்சலாம். மலக்குடல் வழியே ஊசி செல்வதால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் ஆபத்தும் உண்டு.

நீரின் அசைவைப் படிக்கும் கருவி

இவ்விடத்தில்தான் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு பயன்படுகிறது. இதில் எக்ஸ்-கதிர் இல்லை. வலிய காந்தப் புலத்தில், உடலிலுள்ள நீரின் ஹைடிரஜன் அணுக்கருக்கள் வானொலி அலைகளுக்கு விடை தருகின்றன. அவ்விடையைக் கணிப்பொறி படமாக்குகிறது. இவ்வழியில் படம் பெறலாம் என்று 1973இல் காட்டிய பால் லாட்டர்பருக்கும், முறையை மேம்படுத்திய பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தில்லியிலுள்ள அணு மருத்துவ, துணை அறிவியல் நிறுவனத்தில் 1986இல் இந்தியாவின் முதல் எம்.ஆர்.ஐ. கருவி நிறுவப்பட்டது.

புராஸ்டேட் சுரப்பியைப் பொறுத்தவரை ஒரே வகைப் படம் போதாது. முதல் வகை, சுரப்பியின் உள்ளமைப்பைத் துல்லியமாக வரைகிறது. நலமான வெளிப்பகுதி அதில் வெண்மையாகவும், கட்டி கருமையாகவும் தெரியும். இரண்டாவது வகை நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கிறது. ஆளற்ற கோயில் பிரகாரத்தில் ஒருவர் விரும்பியபடி உலவலாம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஓரடி எடுத்து வைப்பதும் அரிது. புற்றுநோய்த் திசுவில் செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் அங்குள்ள நீர் இவ்வாறே அடைபட்டுக் கிடக்கிறது. அந்த முடக்கமே கட்டியைக் காட்டிக்கொடுக்கிறது. வெளிப்பகுதிக் கட்டிகளைப் பொறுத்தவரை இந்த இரண்டாம் வகைப் படமே தலையாய சான்று. மூன்றாவது வகையில், காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி, இரத்தம் எவ்வளவு விரைவாகப் பாய்ந்து வடிகிறது என்று பார்க்கின்றனர்.

நலமான சுரப்பியில் மிகுந்திருக்கும் சிட்ரேட் என்னும் பொருள் புற்றுநோயில் குறைந்துவிடுவதை அளக்கும் நிறமாலை முறையும் உண்டு. தில்லி எய்ம்ஸில் என். ஆர். ஜகந்நாதன் குழுவினர் இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வுகளைச் செய்துள்ளனர். எனினும் இது அன்றாட மருத்துவத்தில் பரவலாக இடம்பெறவில்லை.

படத்தைப் பார்ப்பவர் தம் கருத்தை 1 முதல் 5 வரையுள்ள மதிப்பெண்ணாகத் தருகிறார். பை-ராட்ஸ் எனப்படும் இம்முறை 2012இல் ஐரோப்பாவில் வகுக்கப்பட்டு, 2019இல் திருத்தம் பெற்றது. 1, 2 எனில் கொடிய நோய்க்கு வாய்ப்புக் குறைவு. 4, 5 எனில் மிகுதி. 3 இரண்டுங்கெட்டான் நிலை.

சோதனைகள் சொல்வது

2017இல் வெளியான பிரிட்டனின் ‘புரோமிஸ்’ ஆய்வு இத்துறையில் திருப்பம் எனலாம். 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ.யும், வழக்கமான ஊசிச் சோதனையும், உண்மையை உறுதி செய்ய 5 மில்லி மீட்டர் இடைவெளியில் சுரப்பி முழுவதும் திசு எடுக்கும் சோதனையும் செய்யப்பட்டன. கொடிய புற்றுநோய் உள்ள நூறு பேரில் 93 பேரை எம்.ஆர்.ஐ. கண்டது, வழக்கமான ஊசி கண்டது 48 பேரை மட்டுமே. படத்தை முதலில் எடுத்திருந்தால் 27 விழுக்காட்டினர் ஊசியிலிருந்து தப்பியிருக்கலாம் என்றும் கணக்கிட்டனர். 2018இல் 500 பேரிடம் நடந்த ‘பிரிசிஷன்’ ஆய்வில், படத்தைப் பார்த்து ஐயத்துக்குரிய இடத்தில் மட்டும் ஊசி செலுத்தியபோது 38 விழுக்காட்டினரிடம் கொடிய நோய் கண்டறியப்பட்டது. பழைய முறையில் 26 விழுக்காடு. தீங்கற்ற கட்டிகள் அகப்பட்டது 22 விழுக்காட்டிலிருந்து 9 ஆகக் குறைந்தது.

ஆனால் எம்.ஆர்.ஐ. தீர்ப்புச் சொல்வதில்லை, திசுவே தீர்ப்புச் சொல்லும். புரோமிஸ் ஆய்வில் கொடிய நோய் இல்லாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் படங்களும் ஐயத்துக்குரியனவாகவே இருந்தன. சுரப்பியைக் காசநோய் தாக்கினாலும் படம் புற்றுநோய் போலவே தோன்றக்கூடும். நம் நாட்டில் இதை மறப்பதற்கில்லை.

நம் மருத்துவமனைகளில் உண்மையான தடை நேரமே. மூவகைப் படங்களையும் எடுக்க 30 முதல் 40 நிமிடம் ஆகும். தலைக்காயமும் பக்கவாதமும் வரிசையில் காத்திருக்கும் அரசு மருத்துவமனையில் அவ்வளவு நேரம் ஒதுக்குவது எளிதன்று. அதனால் 2025இல் வெளியான ‘பிரைம்’ ஆய்வின் முடிவு நமக்கு மிகவும் வேண்டியதாகிறது. பல நாடுகளைச் சேர்ந்த 490 ஆண்களிடம், மருந்து செலுத்தாமல் முதலிரு வகைப் படங்களை மட்டும் கொண்டு பார்த்தபோதும், மூன்றையும் கொண்டு பார்த்தபோதும், கொடிய நோய் கண்டறியப்பட்டவர்கள் 29 விழுக்காட்டினரே. சுருக்க முறைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். மருந்துச் செலவும் இல்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அம்மருந்தால் நேரக்கூடிய இடரும் இல்லை. ஆயினும் அங்கே படங்களின் தரம் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டது, படித்தவர்கள் தேர்ந்தவர்கள். சிறு நகரத்தில் மங்கலாக எடுக்கப்பட்டு, இத்துறைப் பயிற்சியில்லாதவரால் படிக்கப்படும் படத்துக்கு அந்த எண்கள் பொருந்தா. கருவிகள் வாங்கக் காட்டும் முனைப்பில் ஒரு பங்கையேனும் படிப்போரைப் பயிற்றுவிப்பதில் காட்டுவது அவசியம். மும்பையின் சமீர் நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கிய 1.5 டெஸ்லா கருவியைத் தில்லி எய்ம்ஸில் சோதிக்க 2025இல் உடன்பாடு ஏற்பட்டது. கருவிப் பஞ்சம் ஒருநாள் தீரக்கூடும்.

நோயாளிகள் சிலவற்றை அறிந்திருப்பது நலம். படம் ஊசிக்கு முன்னரே எடுக்கப்பட வேண்டும். ஊசி செலுத்திய இடத்தில் இரத்தம் கசிந்திருந்தால் படம் குழம்பும். ஏற்கெனவே திசு எடுத்திருந்தால் குறைந்தது ஆறு வாரம் பொறுத்தல் வேண்டும். மலக்குடலில் தங்கிய காற்றும், செயற்கை இடுப்பு மூட்டின் உலோகமும் அசைவுப் படத்தை உருக்குலைக்கும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் பி.எஸ்.ஏ. அளவும் அது எடுத்த நாளும், முன்பு திசு எடுத்திருந்தால் அந்த நாளும், காசநோய்க்கு மருந்து உண்டதுண்டா என்பதும் எழுதப்பட்டிருந்தால், படத்தைப் படிப்பவரின் வேலை பாதி எளிதாகும்.