ஃபியூஸ் போனதா, ஏன் போனது?

"புது பேட்டரி மாட்டி ஒரு மாசம்கூட ஆகலண்ணே, காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குது." திண்டுக்கல் பக்கம் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறையில் அடிக்கடி கேட்கும் புகார் இது. வருகிறவர் பேட்டரி விற்ற கடையைத் திட்டிக்கொண்டே வருவார். பட்டறைக்காரர் எதுவும் சொல்லாமல் மல்டிமீட்டரை எடுப்பார்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொடுவார். இரவு முழுக்க ஓய்ந்து நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை ஓடவிட்டால் பெரும்பாலான கார்களில் அது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12 சொச்சத்திலேயே நின்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை, அல்லது பெல்ட் வழுக்குகிறது. இரண்டு அளவும் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி படுத்துவிட்டால், வண்டி நிற்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது என்று பொருள்.

அதையும் அளந்தே பிடிக்கிறார். நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணைப்பார். பூட்டிய காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்குப் பிறகு பார்க்கும் அளவுதான் கணக்கு. 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. புது பேட்டரிக்காரரின் வண்டியில் அரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாளில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க, ரேடியோ ஃபியூஸைக் கழற்றியதும் அளவு சட்டென்று விழுந்தது. பின்னாளில் பொருத்திய டேஷ் கேமராவை, சாவியை அணைத்தாலும் கரண்ட் வரும் அந்த வயரில் யாரோ கோத்திருந்தார்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டரே போய்விடும்.

ஃபியூஸ் விஷயத்தில்தான் அவருக்குக் கோபம் வரும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சார்ஜர் சாக்கெட்டுக்குள் ஒரு சில்லறைக் காசு விழுந்து நீல ஃபியூஸ் போகிறது. ஓட்டுநர் காசைப் பார்க்காமல், கையில் கிடைத்த பச்சையைச் செருகிவிடுகிறார். இனி ஷார்ட் ஆனால் எரியப்போவது ஃபியூஸ் அல்ல, வயர்.

ஹெட்லைட்டும் அப்படித்தான். கம்பெனி கொடுக்கும் ஹெச்4 பல்ப் 60/55 வாட். ஹை பீமில் ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் மாட்டினால் 8 ஆம்பியரைத் தாண்டும். சுவிட்சும் ஹோல்டரும் சூடாகி உருகிய பிறகு, "ஒயரிங் சரியில்லண்ணே" என்று வருவார்கள்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மினுக்குகிறது என்றால் பேய் எதுவும் இல்லை, பெரும்பாலும் எர்த் கோளாறு. பாடியில் எர்த் வயர் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி இறுக்கினால் போதும். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கும்.

டேஷ்போர்டு விளக்குகளில் சிவப்பு எண்ணெய்க் குவளை எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். சிவப்பு பேட்டரி விளக்குக்கு ஏசியை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்பார்கள். ஆனால் விளக்கு எரியக் காரணம் பெல்ட் அறுந்ததுதான் என்றால், அதே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிற வண்டிகளில் என்ஜின் கொதித்துவிடும். பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வதே சரி.

மஞ்சள் செக் என்ஜின் விளக்கு சும்மா எரிந்தால் பட்டறைக்குப் போக நேரம் இருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் என்ஜினில் மிஸ்ஃபயர். வேகத்தைக் குறைக்காவிட்டால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ்-4 தரக் கார்களுக்கு, கோளாறை வண்டியே பதிந்துவைக்கும் ஓபிடி-2 முறை கட்டாயம் என்பதால் அதற்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் ஸ்கேனர் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கலாம். அந்த எண்ணை வைத்தே பாகம் மாற்றுவதுதான் பணம் போகிற வழி. பி0171 என்று வந்தால் பலர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். எரிபொருளோடு ஒப்பிட்டால் காற்று அதிகம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. வெடித்த ஒரு ரப்பர் குழாய்கூடக் காரணமாக இருக்கலாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்ஜினைக் கிளப்பும் முன் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பிப் பாருங்கள். எண்ணெய், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக், செக் என்ஜின் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். அந்த வண்டிக்கு உண்டு என்று கையேட்டில் உள்ள விளக்கு எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க அதைக் கழற்றியிருக்கவும் கூடும். காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.