மனிதன் ஆடை உடுத்தியது எப்போது, எதற்காக?



நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் படிக்கின்றனர், மதரஸாவிலும் ஓதுகின்றனர். ஆதி மனிதன் குளிருக்கு அஞ்சி மிருகத்தின் தோலைப் போர்த்தினான் என்று அங்கே பாடம். ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் நாணம் கொண்டு இலைகளால் தம்மை மறைத்துக்கொண்டார்கள் என்று இங்கே பாடம். இரண்டில் எது மெய் என்று பிள்ளை வீட்டில் வந்து கேட்டால், "வாயை மூடு" என்று அதட்டிவிடும் பெற்றோரும் உண்டு. அதட்டினால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும். மனத்திலுள்ள ஐயம் நிற்காது. ஆகவே ஆராய்ச்சியாளர் கண்டது யாது, நம் திருமறை காட்டுவது யாது என்பதை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். கல் கிடக்கும், எலும்பும் ஓரளவு நிலைக்கும், துணியும் தோலும் மக்கிப் போகும். நம் நாட்டு ஈரமண்ணில் புதைத்த துணி சில ஆண்டுகள்கூடத் தாங்காது. எனவே முதல் மனிதன் உடுத்திய முதல் ஆடையை எவரும் தோண்டி எடுக்க முடியாது. ஆடையைக் காண இயலாதபோது, அதற்குச் சாட்சி சொல்லும் வேறு பொருள்களைத்தான் தேட வேண்டும். அந்தச் சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

பேன் சொல்லும் சாட்சி

கேட்டால் நகைப்பு வரும். ஆயினும் ஆடையின் வயதைக் கணக்கிட உதவியது பேன்தான்! மனிதனுக்குத் தலைப்பேன் உண்டு, சீலைப்பேனும் உண்டு. தலைப்பேன் மயிரைப் பற்றி வாழும். சீலைப்பேனோ துணியின் தையல் மடிப்பில் குடியிருந்து, அங்கேயே ஈர் வைத்து, இரத்தம் குடிக்க மட்டும் உடம்புக்கு வரும். துணி இல்லாவிட்டால் சீலைப்பேனுக்கு வீடே இல்லை. ஆகவே தலைப்பேனிலிருந்து சீலைப்பேன் என்று பிரிந்ததோ, அன்று மனிதன் ஆடையுடன் இருந்திருக்க வேண்டும்.

ஓர் இனம் இரண்டாகப் பிரிந்தால் தலைமுறைதோறும் அவற்றின் மரபணுவில் சிறுசிறு வேற்றுமைகள் சேர்ந்துகொண்டே போகும். அவ்வேற்றுமைகளை எண்ணி, பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்றென்று மதிப்பிடுகின்றனர். ஜெர்மனியில் 2003-ஆம் ஆண்டு செய்த கணக்கில் ஏறத்தாழ 70,000 ஆண்டு என்று வந்தது. பிறகு 2011-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் இன்னும் விரிவாக ஆராய்ந்து, குறைந்தது 83,000 ஆண்டு, பெரும்பாலும் 170,000 ஆண்டு வரை இருக்கலாம் என்றனர். பூமி பனியுகத்தின் பிடியில் இருந்த காலம் அது. என்றோ ஒரு நாள் தோலைப் போர்த்திக் கழற்றி எறிவதால் சீலைப்பேன் இனம் உண்டாகாது. நாள்தோறும் உடுத்தினால்தான் உண்டாகும். ஆகவே பேன் சொல்வது வழக்கமாக உடுத்தியதைப் பற்றிய சாட்சி என்று கொள்ள வேண்டும்.

எலும்பு சொல்லும் சாட்சி

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி ஆட்டை உரிப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உரிப்பவர் காலைச் சுற்றிக் கத்தியை ஓட்டித் தோலை விடுவிப்பார். கறிக்காக வெட்டும் இடம் வேறு. தோலுக்காகக் கீறும் இடம் வேறு.

ஜெர்மனியில் ஷோனிங்கன் என்னும் ஊரில், 300,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குகைக்கரடியின் பாத எலும்புகளில் மெல்லிய கத்திக் கீறல்கள் இருப்பதை 2022-இல் வெளியிட்டனர். கரடியின் பாதத்தில் கறி மிகக் குறைவு. அங்கே கீறியது தோலைப் பழுதின்றி உரிப்பதற்கே என்று முடிவு செய்தனர். அத்தோலைத் தைத்து அணிந்தார்களா, விரித்துப் படுத்தார்களா என்பதை அந்த எலும்பு சொல்லாது.

மொரோக்கோ நாட்டில், அட்லாண்டிக் கடலோரத்தில் ஒரு குகை இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் கள்ளக்கடத்தல்காரர் குகை என்று பொருள்படும் பெயர் அதற்கு. அங்கே 120,000 முதல் 90,000 ஆண்டு வரை பழமையான 62 எலும்புக் கருவிகளைப் பற்றி 2021-இல் விவரம் வெளியாயிற்று. அவற்றுள் சில அகலமாகவும் வழுவழுப்பாகவும், நுனி மழுங்கியும் உள்ளன. தோலின் உட்புறத்துச் சவ்வையும் கொழுப்பையும், தோல் கிழியாமல் சுரண்டி எடுக்க ஏற்றவை. அதே குகையில் நரி, குள்ளநரி, காட்டுப்பூனை ஆகியவற்றின் எலும்புகளில் தோலுரித்த கீறல்கள் தெரிகின்றன. மாட்டினத்து எலும்புகளிலோ கறிக்காக வெட்டிய அடையாளங்கள்.

பச்சைத் தோலை அப்படியே காயவைத்தால் பலகைபோல் விறைத்துவிடும். ஈரத்தோடு விட்டால் அழுகிவிடும். சுரண்டி, கொழுப்புத் தடவி, கசக்கி, புகையிட்டுப் பதப்படுத்தினால்தான் உடம்பில் ஒட்டும். இத்தொழிலை ஒருவர் கண்டுபிடித்து மற்றவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். ஆடை என்பது முதலிலேயே ஒரு கல்வி என்பது இதனால் புலனாகும்.

ஊசியும் மணியும் நூலும்

தோலில் துளையிட முதலில் இருந்தது குத்தூசி. காதுள்ள ஊசி பின்னர் வந்தது. சைபீரியாவில் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் எலும்பில் செய்த காதுள்ள ஊசிகள் கிடைத்திருக்கின்றன. குத்தூசி துளை மட்டும் போடும். காதுள்ள ஊசி துளையும் போட்டு நூலையும் இழுத்துச் செல்லும். அதனால் உடம்போடு ஒட்டிய உள்ளாடையும் அதன்மேல் வேறோர் ஆடையுமாக அடுக்கி அணிய முடிந்தது. பனிபெய்யும் வடதிசையில் மனிதன் குடியேற அது துணையாயிற்று.

அலங்காரமும் உடன் வந்தது. ரஷ்யாவில் சுங்கிர் என்னுமிடத்தில் 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட புதைகுழிகள் உள்ளன. அவற்றுள் மூவரின் மேனிமீது மமூத் என்னும் பழங்கால யானையின் தந்தத்தில் செய்த 13,000-க்கும் மேற்பட்ட மணிகள் கிடந்தன. அவற்றைத் தைத்திருந்த ஆடை மக்கிப்போயிற்று. மணிகளின் வரிசை மட்டும் எஞ்சி ஆடையின் வடிவைக் காட்டிற்று. பெரியவரின் மேனியில் ஏறத்தாழ 3,000 மணி. இரண்டு சிறுவர்களுக்கோ ஆளுக்கு 5,000 அளவு! அத்தனை மணியையும் கையால் தேய்த்துத் துளையிட்டவர்கள் பிள்ளைகளுக்கே அதிகம் செய்தார்கள். பெருநாளைக்குத் தனக்குப் பழையதை உடுத்திக்கொண்டு பிள்ளைக்குப் புதியது வாங்கும் தகப்பனுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு நூல். ஜார்ஜியா நாட்டுக் குகையொன்றில் சுமார் 30,000 ஆண்டுப் பழமையான சணல்வகை நார் இழைகள், சாயமேற்றியவையும் சேர்த்துக் கிடைத்தன. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கரில், ஒரு செம்பு மணியின் துளைக்குள் பருத்தி நூல் சிக்கியிருந்தது. வயது 7,000 ஆண்டுக்கு மேல். மிஸ்ர் நாட்டில் தர்க்கான் என்னுமிடத்தில் 1913-இல் தோண்டி எடுத்த சட்டை 5,000 ஆண்டு கடந்தது. அழுக்குத் துணிமூட்டையோடு கிடந்த அதை 1977-இல்தான் அடையாளம் கண்டனர். அதன் முழங்கையிலும் அக்குளிலும் ஒருவர் அணிந்து மடங்கிய சுருக்கம் இன்றும் தெரிகிறது. லண்டன் பீட்ரி பொருட்காட்சிசாலையில் அது இருக்கிறது.

குளிர் மட்டுமா காரணம்?

இவற்றையெல்லாம் பார்த்தால் குளிர் ஒரு பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. உரோமம் இல்லாத மேனி வெப்ப பூமியில் வியர்த்து ஆறும், பனியில் விறைத்துப்போகும். ஆயினும் குளிர் ஒன்றே காரணமானால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

தென்னமெரிக்காவின் தென்கோடியில் தீவுக் குடிகள் இருந்தனர். 1832-இல் அங்கே சென்ற டார்வின், பனி தூறும் குளிரில் அவர்கள் ஏறக்குறைய வெற்றுடம்புடன் நிற்பதைக் கண்டார். மேனியில் கொழுப்பைப் பூசி, நெருப்பருகே இருந்து, சிறு தோல் ஒன்றைத் தோளில் போட்டுக் காலம் கழித்தார்கள். இங்கே குளிர் இருந்தது. முழு ஆடை இல்லை. நம் மலாய் தீபகற்பத்திலோ என்றும் புழுக்கம். அப்படியிருந்தும் காட்டில் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்கள் தெராப், ஈப்போ மரங்களின் பட்டையை உரித்து, ஊறவைத்து, அடித்து மெல்லியதாக்கி இடுப்பில் உடுத்தினார்கள். இங்கே குளிர் இல்லை, ஆடை இருந்தது. ஆகவே மனிதன் ஆடையைத் தேடியதற்குக் குளிருக்கு அப்பாலும் காரணம் உண்டு.

திருமறை காட்டுவது

அல்அஃராஃப் அத்தியாயம் 22-ஆம் வசனத்தில் ஆதி பெற்றோர் இருவரும் சுவனத்து இலைகளால் தம்மை மறைத்த செய்தி வருகிறது. அடுத்து 26-ஆம் வசனத்தில் ஆதமுடைய மக்கள் அனைவரையும் அழைத்து, ஆடை மானத்தை மறைக்கிறது, அலங்காரமாகவும் இருக்கிறது, தக்வா என்னும் ஆடையோ எல்லாவற்றிலும் மேலானது என்ற கருத்தை அல்லாஹ் உணர்த்துகிறான். அந்நஹ்ல் அத்தியாயம் 5-ஆம் வசனம் கால்நடைகளால் நமக்குக் கிடைக்கும் கதகதப்பைச் சொல்கிறது. அதே அத்தியாயம் 80-ஆம் வசனத்தில் தோலும் கம்பளியும் உரோமமும் வருகின்றன. 81-இல் வெப்பத்தைத் தடுக்கும் ஆடையும், போரில் காக்கும் கவசமும் வருகின்றன. குளிர், வெப்பம், காவல், அழகு, மானம் என எல்லாக் காரணங்களும் திருமறையில் இருக்கின்றன. குளிரைச் சொல்லும் பள்ளிப் பாடத்தைக் கண்டு நாம் ஏன் கலங்க வேண்டும்?

தோல் உரித்தார்கள் என்று எலும்பு சொல்லும். தினமும் உடுத்தினார்கள் என்று பேன் சொல்லும். அழகு பார்த்தார்கள் என்று மணி சொல்லும். நாணம் மண்ணில் சுவடு வைப்பதில்லை. மண்ணில் காணாததால் நாணமே இருக்கவில்லை என்பவர் தம் சாட்சிகளைக் கடந்து பேசுகிறார். திருமறை ஆண்டுக் கணக்கு எதையும் கூறாதிருக்க, ஆராய்ச்சியெல்லாம் பொய் என்பவரும் அளவு கடந்து பேசுகிறார். பிள்ளைக்கு இவ்விரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள்.

நாம் பெறும் படிப்பினை

துணி அளந்து விற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கடைக்கு வருபவர் முதலில் கேட்பது நிறம், அடுத்து விலை. குளிரையோ வெயிலையோ பற்றிக் கேட்பவர் அரிது. அழகை நாடுவது குற்றமன்று. இறைவனே அதை அருளாகச் சொல்கிறான். ஆனால் அண்டை வீட்டாருக்கு ஈடாக உடுத்தவேண்டி, பெருநாளைக்குக் கடன் வாங்கி, அடுத்த பெருநாள் வரை அதை அடைப்பது அழகுமன்று, மானமுமன்று. மானத்தை மறைக்க வந்த ஆடை, மானத்தை விற்கும்படி செய்யலாமா?

ஊசி கண்ட மனிதனை, இஹ்ராமில் தையல் இல்லாத இரண்டு துண்டோடு தன் இல்லத்துக்கு அழைக்கிறான் இறைவன். கடைசிப் பயணத்தில் ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து துண்டு கஃபன். அதில் பணக்காரன், ஏழை என்ற பேதமில்லை.

ஆகவே வரும் பெருநாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுக்கும்போது, தகப்பனில்லாத ஒரு பிள்ளைக்கும் அதே துணியில், அதே தரத்தில் இன்னொன்று எடுங்கள். விற்காமல் தங்கிய மட்டத் துணியை ஏழைக்கென்று ஒதுக்காதீர்கள். அந்தப் பிள்ளையும் தொழுகைத் திடலில் உங்கள் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்கும்.

தக்வா என்னும் ஆடையை நம் அனைவருக்கும் வல்ல நாயன் அணிவிப்பானாக! ஆமீன்.