கார்கிவிலிருந்து ஒரு லென்ஸ்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஹீலியோஸ் 44-2 லென்ஸுக்காகச் சென்னை வரை வந்து பழைய கேமராக் கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். கடைசியில் அது கார்கிவ் நகரத்துக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. ஈபேயில் விலை போட்டிருக்கும் அவர், "ஈபேயை விட்டுவிட்டு, பேபாலில் நண்பருக்கு அனுப்புவதுபோல நேரடியாக அனுப்புங்கள், பத்து டாலர் குறைத்துக்கொள்கிறேன்" என்கிறார். ஏமாற்றுக்காரராக இருப்பாரோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். உக்ரைனில் இருப்பவர்களால் 2022 மார்ச் வரை பேபாலில் பணம் அனுப்ப முடிந்தது, பெற முடியவில்லை. போர் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. அப்போதும் ஒருவர் இன்னொருவருக்குச் சொந்த முறையில் அனுப்பும் வழிதான் திறந்தது, வியாபாரக் கணக்கு கிடைக்கவில்லை. ஈபேயோ விற்ற தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொள்ளும். குண்டு விழும் ஊரில் உட்கார்ந்து பழைய லென்ஸைத் துடைத்து விற்கிறவருக்கு அது பெரிய தொகை. அவர் கேட்டதில் எனக்குக் கோபமில்லை.

ஆனாலும் அப்படி அனுப்பாதீர்கள். நண்பருக்கு அனுப்பியதாகப் போகும் பணத்துக்குப் பேபாலின் வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. லென்ஸ் வராவிட்டாலும், உடைந்து வந்தாலும் யாரிடமும் முறையிட முடியாது. வங்கி வழியாக அனுப்பினாலும் இதே கதைதான். படிவம், பான் எண், இரண்டு பக்கமும் கட்டணம் என்று அலைந்து அனுப்பிய பிறகு, போனது போனதுதான். ஈபே விலையையே கொடுங்கள். அந்தப் பத்து டாலரை, முறையிடும் உரிமைக்குக் கொடுத்த காசாக நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடமும் இதை ஒளிக்காமல் எழுதுங்கள். நல்ல விற்பனையாளர் புரிந்துகொள்வார்.

கடன் அட்டையில் செலுத்துங்கள். டெபிட் அட்டை என்றால், தகராறு முடியும்வரை வெளியே நிற்பது உங்கள் சொந்தப் பணம். இப்போது வரும் புது அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, லென்ஸ் விலைக்குச் சற்று மேலே வரம்பு வைத்து, செலுத்தியதும் உடனே மூடிவிடுங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதில்லை, அதனால்தான் இந்தக் கவனம். ரூபாயிலேயே பிடிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று டாலரைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் மாற்றும் கணக்கில் பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம்.

இப்போது சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு ஃபெட்-2 கேமராவுக்கு, வேறொரு நாட்டு விற்பனையாளரிடம், பாதுகாப்பான வழியில்தான் பணம் கட்டினேன். பார்சல் வரவில்லை. "பனிக்காலம், தபால் தாமதம், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்று எழுதினார். முறையிட எனக்குக் கூச்சமாக இருந்தது. பொறுத்தேன், மறுபடி பொறுத்தேன். முறையிடப் போன அன்று கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பணத்தைவிட, அந்தக் கூச்சத்தை நினைத்துத்தான் இன்றும் மனம் வலிக்கிறது. பேபாலில் கெடு 180 நாள். ஈபேயில், பொருள் வந்து சேரவேண்டிய தேதியிலிருந்து 30 நாள். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானமோ சரக்கு விமானமோ பறப்பதில்லை. தபால் தரைவழியாக எல்லை தாண்டித்தான் விமானம் ஏற வேண்டும். தாமதம் உண்மையாகவே இருக்கும். அதனால் கெடு நாளைப் பணம் கட்டிய அன்றே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அதற்கு நான்கு நாள் முன்பும் பார்சல் வரவில்லையென்றால் பணிவாகச் சொல்லிவிட்டு முறையிடுங்கள். நேர்மையானவருக்கு அதனால் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பணம் கட்டும் முன், லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்து ஒரு படம் கேளுங்கள். பூஞ்சை இருந்தால் வெண்மையாக நூல்நூலாகத் தெரியும். நம் ஊர் ஈரக்காற்றில் அது இன்னும் பரவும். பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டை வைத்து இன்னொரு படம். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டு. விளம்பரத்தில் அவர் சொன்ன ஆண்டோடு பொருந்துகிறதா பாருங்கள். ஃபோகஸ் வளையம் இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய கிரீஸ் காய்ந்திருக்கும்.

பார்சலில் "பரிசு" என்று எழுதட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. பொய் எழுதியதுதான் மிஞ்சும். தபால்காரர் கேட்கும் சுங்கவரிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

ஒன்று தெரியுமா, ஃபெட் கேமரா பிறந்ததே கார்கிவில்தான். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக கல்வியாளர் மகரென்கோ நடத்திய கம்யூனில், லைக்கா கேமராவைப் பார்த்து 1930-களில் செய்யத் தொடங்கினார்கள். உங்கள் விற்பனையாளரிடம் அதைப் பற்றி இரண்டு வரி கேட்டு எழுதுங்கள். தன் ஊரைப் பற்றிப் போரைத் தவிர வேறொன்றை ஒருவர் விசாரித்தால் அவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

லென்ஸ் வந்ததும் சாயங்கால வெயிலில் வேப்பமரத்துக்குப் பல அடி முன்னால் அம்மாவை நிற்க வைத்து, துவாரத்தை முழுசாகத் திறந்து எஃப் 2-ல் ஒரு படம் எடுங்கள். பின்னால் இலைகளுக்கு நடுவே தெரியும் வெளிச்சமெல்லாம் சுழித்துக்கொண்டு நிற்கும். அந்தப் படத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்