ரியூப்பில் பழி போட முதல் பிளக்கைக் கழற்று!

ஹாம் றேடியோச் சந்தையில் மலிவாய் வந்தது என்று பழைய ஹீத்கிற் எஸ்பி-220 அம்பிளிபயர் ஒன்றைக் காரில் ஏற்றி வந்துவிட்டாய். ஸ்காபரோ பேஸ்மென்ரில் இறக்கிய கையோடு பிளக்கைக் குத்தப் பார்க்கிறாய். பொறு தம்பி. தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். ஐம்பது வருசப் பழைய பெட்டி. இன்னும் ஒரு நாள் பொறுத்தால் குடி முழுகாது.

1. குளிர் விடட்டும்

ஜனவரியில் கராஜில் கிடந்த பெட்டியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், பிரிட்ஜில் இருந்து எடுத்த போத்தல் மாதிரி வேர்க்கும். ட்ரான்ஸ்போமருக்குள்ளும் அதே ஈரம்தான். ஒரு முழு நாள் சும்மா விடு.

2. இது உயிர் விசயம், குறுக்குவழி கேட்காதே

ஊரில் அப்பா தட்டித் தட்டிக் கேட்ட வால்வு றேடியோவுக்குள் இருந்தது இருநூறு, முந்நூறு வோல்ட். இதற்குள் 3000 வோல்ட் அளவு. எட்டுக் கப்பாசிற்றர்கள் வரிசையாய் நின்று அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கரண்ட் போன பிறகும் ஆளைக் கொல்ல அது போதும்.

- சுவிச்சை அணைத்தால் காணாது. பிளக்கைக் கழற்றி, உன் கண்ணுக்கு முன்னால் மேசையில் வை.
- முன்பக்க மீற்றரை ஹை வோல்ரேஜுக்குத் திருப்பி, முள் பூச்சியத்துக்கு இறங்கும் மட்டும் பார்த்துக்கொண்டிரு.
- காப்பு, மோதிரம், சங்கிலி, தாலிக்கொடி எல்லாம் கழற்று. வெள்ளிக்கும் செம்புக்கும் அடுத்தபடி கரண்டை நன்றாய்க் கடத்துவது தங்கம்தான்.
- நீளமான பிவிசி குழாயின் நுனியில் ஒரு கொக்கி, அதிலிருந்து தடித்த வயர். வயரின் மறுமுனையை முதலில் சேசிசில் கவ்வ வை. பிறகுதான் கொக்கியால் கப்பாசிற்றர் வரிசையின் பிளஸ் முனையையும் ரியூப்பின் தலைத் தொப்பியையும் தொடு. வேலை முடியும்வரை கொக்கி உள்ளேயே தொங்கட்டும்.
- சாதாரண மல்ரிமீற்றர் தாங்குவது 600 வோல்ட், மிஞ்சினால் 1000. அதைக் கொண்டுபோய் 3000 இல் வைக்காதே.

மூடியைத் திறந்தால் தானாகவே ஹை வோல்ரேஜைச் சேசிசோடு சேர்த்துவிடும் தகடு ஒன்று இதில் உண்டு. இருக்கட்டும். எந்தக் காலத்திலோ யாரோ பூட்டிய ஸ்பிரிங்கை நம்பி நான் கை வைக்க மாட்டேன்.

3. சுவரையும் பார்

பியூஸ் அடிக்கடி போகிறதா? குசினி, அறை எங்கும் இருக்கிற 15 அம்ப் பிளக்கில் கொழுவினால் போகத்தான் செய்யும். இதற்கு 240 வோல்ட் தனி இணைப்பு வேண்டும். ஒன்ராறியோவில் புது வயரிங்குக்கு ஈ.எஸ்.ஏ. என்ற மின் பாதுகாப்பு அதிகாரசபையிடம் அறிவித்து அனுமதி எடுக்க வேண்டும். உரிமம் உள்ள ஒப்பந்தகாரரைப் பிடித்தால் அந்த வேலையையும் அவரே பார்ப்பார்.

4. 'ரியூப் செத்துப்போச்சு அக்கா!'

எத்தனை தரம் கேட்டிருப்பேன்! அத்தானும் இப்படித்தான் 3-500இசற் ரியூப் ஒரு சோடியை நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிப் போட்டார். பழுது அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், செத்தது சில டொலர் பெறுமதியான பயஸ் சீனர் டயோட். பழைய ரியூப் இரண்டும் குத்துக்கல் மாதிரி நன்றாய் இருந்தன. அதனால் இந்த ஒழுங்கில் போ:

- ஒரு ரியூப் எரிகிறது, மற்றது எரியவில்லையா? அதைக் கழற்றி இழையின் இரண்டு பின்னிலும் மல்ரிமீற்றரை வை. 'பீப்' என்றால் இழை உயிரோடு இருக்கிறது, பிழை சொக்கற்றில். சத்தம் வராவிட்டாலும் குப்பையில் எறியாதே. விசிறி சோர்ந்தால் பின்னுக்குள் இருக்கிற ஈயம் உருகிக் கழன்றுவிடும். பின்னைத் திரும்ப ஈயம் வைத்துப் பற்றவைத்தால் எழும்பி வந்த ரியூப்கள் உண்டு. விசிறிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடு.
- வேலை செய்யும்போது அனோட் மங்கலாய்ச் சிவப்பது இந்த ரியூப்புக்கு வழக்கம். பதறாதே. பேசாமல் இருக்கும்போதும் சிவந்தால்தான் பிழை, உடனே அணை.
- கீ போட்டும் மீற்றர் முள் அசையவில்லையா? றிலே இழுக்கிறதா என்று பார், பிறகு அந்தச் சீனரைப் பார். சும்மா நிற்கும் கரண்ட் அளவுக்கு மிஞ்சினாலும் சந்தேகம் முதலில் அதன்மேல்தான்.

5. கேட்பது மங்கலா?

றிலேயின் முனைகள் கறுத்திருக்கும். வெள்ளைத் தாள் துண்டொன்றை நடுவில் வைத்து மெல்ல இழு. அரத்தாள் போடாதே, பூச்சு போய்விடும்.

6. புது றேடியோவை உடனே கொழுவாதே

இந்த அம்பிளிபயரின் கீயிங் முனையில் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இன்றைய றேடியோவின் சின்ன ட்ரான்சிஸ்ரர் அதைத் தாங்காது. நான் ஒன்றை எரித்தே படித்தேன். நடுவில் ஒரு இடைச் சுற்று போடு.

7. வருசக்கணக்காய்க் கிடந்ததா?

ரியூப்களைக் கழற்றிவிட்டு, வேரியாக்கில் மெல்ல மெல்ல ஏற்று. வீங்கிய கப்பாசிற்றர் ஒன்று கண்டால் எட்டையும் சேர்த்தே மாற்று. ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கிறவர்கள் அடுத்த மாதம் திரும்பவும் திறப்பார்கள்.

8. சோதிப்பது டம்மி லோட்டில்

அன்ரனாவில் வேண்டாம், ஊர் முழுக்கக் கேட்கும். பத்து விநாடி கீ, பிறகு ஓய்வு. உரிமத்தையும் எடுத்துப் பார். கனடாவில் பேசிக் மட்டும் இருந்தால் எஸ்.எஸ்.பி.யில் 560 வாட்தான் எல்லை. சிற்றலை வரிசைகளில் ஏற, 100 கேள்விகளில் 80 சரியாய் எடுத்திருக்க வேண்டும், அல்லது மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பெட்டியை முழுதாய் ஓட்ட அட்வான்ஸ்ட் எடு.

ஒன்று மட்டும் மறக்காதே. வீட்டில் யாரும் இல்லாத இரவில் மூடியைத் திறக்காதே. மேலே குசினியில் நிற்பவருக்குப் பிரேக்கர் எங்கே என்று காட்டிவிட்டு, பிறகு கீழே இறங்கு.